ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி

வடக்கனந்தல்
16.06.2025

அன்புத் தங்கை ஷாஜியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் முஹ்சினாவும் மாமியும் நலம். மாமியின் முழங்கால் வலி மட்டும் சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிறது. உனக்குச் சளி விட்டதா? குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உன் மலையில் டவர் கிடைப்பது பெரும்பாடு. கிடைத்தாலும் மாமிக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட வேண்டியிருக்கிறது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாலோ பென்சில் அழுத்தியது தெரியாது. தாளையே அனுப்பினால்தான் எங்கே தப்பு என்று நீ சொல்ல முடியும்.

என் வீட்டுக்காரர் மவுத்துக்கு வந்துவிட்டு நீ கிளம்பிய அன்று, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய உன் ஓவியப் புத்தகத்தை முதுகோடு இரண்டாகக் கிழித்தாயே, என்ன பெண் இவள் என்று நினைத்தேன். "இத்தா முடியிற வரைக்கும் நாலு செவுத்தப் பாத்துக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும், இந்தா" என்றாய். புருஷனை இழந்தவளுக்கு நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் கடமை. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் முதல் பாதியை நீ வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை எனக்குத் தந்துவிட்டாய். கோடு போடவே தெரியாதவள் நேராக நிழல் போடும் பாடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு முக்காடு போட்டுக்கொண்டு மாடிக்குப் போகிறேன். மேற்கே உன் மலை நிற்கிறது. அதைத்தான் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். முஹ்சினா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புட்டக் கொட்டி வெச்ச மாதிரி கீது" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

ஆனாலும் விடமாட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்ட நேரம் இந்த மாடி நேரம் ஒன்றுதான். அந்த மலை சரியாக வரும்வரை வரைவேன். துஆவில் என்னை மறக்காதே.

உன் அக்கா
ரஜியா


வெள்ளிமலை
28.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சளி விட்டது. கண்ணாடி இன்னும் வரவில்லை, அட்டை வைத்து அடைத்திருக்கிறேன். மாமிக்கு நான் சொன்ன தைலத்தை இரண்டு வேளையும் தேய்த்துவிடு.

உன் புட்டுக் குவியல் பத்திரமாக வந்தது. கோபித்துக்கொள்ளாதே, மலை தாளில் பாதிக்கு மேல் ஏறி நிற்கிறது. நிஜத்தில் அவ்வளவு உயரமா தெரிகிறது? மனசுக்குப் பெரியதைத் தாளிலும் பெரிதாகப் போட்டுவிடுவது புதிதாக வரைகிறவர்களின் பழக்கம் என்று என் பாதியில் எழுதியிருக்கிறது. அதற்கு வழியும் இருக்கிறது. முழங்கை மடங்காமல் கையை நீட்டு. பென்சிலை நிமிர்த்திப் பிடி. ஒரு கண்ணை மூடிக்கொள். பென்சில் நுனியை மலை உச்சியில் வைத்து, மலையடி எங்கே வருகிறதோ அங்கே கட்டைவிரலை நிறுத்து. அவ்வளவுதான் மலையின் உயரம். கையை மடக்காமல் பக்கத்தில் இருக்கிறவற்றையும் அதே மாதிரி அளந்து பார்.

என் சங்கடம் வேறு. மலைமேலேயே இருக்கிறேன், எனக்கு மலை தெரிவதில்லை. ஒரு மரம், ஒரு திருப்பம், மரவள்ளிக் காடு, மறுபடி மரம். அளந்து அளந்து கோடு சரியாக வருகிறது. ஆனால் என் மரங்கள் அட்டையில் வெட்டி நட்டுவைத்தது போல் தட்டையாக நிற்கின்றன. நர்ஸிங் ரெக்கார்டு நோட்டில் கிட்னி வரைந்த கை, அதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. உன் பாதியில் இதற்கு என்ன மருந்து இருக்கிறது என்று எழுது. முஹ்சினாவுக்கு என் முத்தம்.

உன்
ஷாஜியா


வடக்கனந்தல்
14.07.2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். தைலத்தின் வாடை மாமிக்குப் பிடிக்கவில்லை, வலி குறைந்தது பிடித்திருக்கிறது.

நீ சொன்னபடி அளந்தேன். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. அவ்வளவு பெரிய மலை என் பென்சிலில் இரண்டு விரல் அகலம்தான். எதிர்வீட்டு தனசேகரன் மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க் இருக்கிறதே, அது மலையைவிட உயரமாக வருகிறது. கை நடுங்கியிருக்கும் என்று தினமும் அளந்து பார்க்கிறேன். தினமும் டேங்க்தான் ஜெயிக்கிறது. கிட்டே நிற்பதெல்லாம் பெரிதாகத் தெரியும், அதற்காகப் பெரிது ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அப்படியே வரைந்தேன். என்ன ஆச்சரியம், மலை தூரமாகப் போய் நின்றது. முஹ்சினா தாளை வாங்கி மலைக்கு நேரே பிடித்து ஒத்துப் பார்த்தாள்.

உன் அட்டை மரத்துக்கு மருந்து இது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் முடிவு செய். எதிர்ப்பக்கத்தைக் கறுப்பாக்கு. கிட்டே உள்ள மரத்துக்கு மட்டும் அழுத்து. தூரம் போகப் போக எல்லாம் வெளுக்கும், அதனால் பின்னால் இருப்பதைப் பென்சிலைப் படுக்கவைத்துத் தடவினால் போதும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தாக அழுத்துவது உன் குணம், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

எழுத மறந்தேன். தனசேகரன் மிகவும் மரியாதைக்காரர். நான் மாடி ஏறிக் கையை நீட்டினால் போதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விடுகிறார். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ரஜியா


வெள்ளிமலை
05.08.2025

அன்பு அக்கா,

ஸலாம். இங்கே மழை, காய்ச்சல் கேஸ் ஜாஸ்தி, அதனால்தான் தாமதம். நான் நலம்.

உன் மலையும் டேங்கும் என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கின்றன. டேங்கை விடாமல் வரைந்தாயே, அதுதான் எனக்குப் பிடித்தது. உன் மருந்து வேலை செய்தது. என் மரத்துக்கு வயிறு வந்துவிட்டது, ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

இங்கே வரும் மலைப்பாதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. அங்கே நின்றால் கோமுகி அணை, வயல், உங்கள் ஊர் எல்லாம் கீழே விரிந்து கிடக்கும். வரைய உட்கார்ந்தேன், தலை சுற்றி எழுந்துவிட்டேன். அதற்கு இரண்டு பாதியும் தெரிந்த ஆள் வேண்டும். இத்தா முடிந்ததும் வா. நீயும் நானும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். மாமிக்கு ஸலாம் சொல்.

ஷாஜியா


வடக்கனந்தல்
03.09.2025

ஷாஜியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது, அதனால் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

இத்தா முடிந்து குளித்து, துஆ ஓதி, வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த சூட்டோடு விஷயம் வெடித்தது. தனசேகரன் மனைவி கோகிலவாணி மாமியிடம் வந்து, "உங்க மருமவ தெனம் மாடியில நின்னுகினு எங்க வூட்டுக்காரரப் பாத்து கண்ணடிக்கிறாங்க, கைய வேற நீட்றாங்க. அவரு செடிக்குத் தண்ணி ஊத்தவே பயப்படறாரு" என்று அழுதிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஷாஜியா. அந்த மனுஷர் மரியாதைக்கு இறங்கவில்லை, பயந்து ஓடியிருக்கிறார்.

கோகிலவாணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாப் படத்தையும் காட்டினேன். பென்சிலை அவள் கையிலேயே கொடுத்து, மாடியில் நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி அவள் வீட்டு டேங்கை அளக்க வைத்தேன். "அய்ய, எங்க டேங்கு மலைய விடப் பெருசுக்கா" என்று சிரித்தாள். போகும்போது ஒரு படம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பெரிய மச்சான் கடையிலிருந்து வந்தார். அவரைத் தெரியும் உனக்கு, தம்பி உயிரோடு இருந்தபோதே ஷேக் தாவூது ஒருமுறை சொன்னால் அந்தப் பேச்சுக்கு மேல்பேச்சு இந்த வீட்டில் கிடையாது. எல்லாம் விளங்கிவிட்டது என்று மாமி சொல்லியும் அவர் கேட்கவில்லை. "இத்தா முடிஞ்சா மட்டும் இன்னா? முஹ்சினாவுக்கு மாப்பிள்ளை பாக்கற வூடு இது. இனிமே மாடிக்குப் போறது, படம் போடறது, ஒண்ணும் வேணாம்" என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் வேறு போய்க் கேட்டிருக்கிறார். "மலையத்தானே வரையிறாங்க, அதுல இன்னா கீது" என்று ஹஜ்ரத் சொன்னதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அது முஹ்சினா காதுக்கு வேறு வழியில் வந்தது.

நான் இருபது வருஷமாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "நாலு மாசம் பத்து நாள்னு அல்லா கணக்கு சொல்லிட்டான் மச்சான், இருந்துட்டேன். நீங்க போடற இத்தாவுக்குக் கடைசி நாள் எதுன்னு சொல்லுங்க, அதையும் இருந்துடறேன்" என்றேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

நாளைக்கும் மாடிக்குப் போவேன். நீ என்ன சொல்கிறாய் என்று உடனே எழுது.

ரஜியா


வெள்ளிமலை
12.09.2025

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நீ பேசியது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனாலும் அக்கா, கொஞ்ச நாள் விட்டுப் பிடி. முஹ்சினாவை நினைத்துப் பார். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் இது விழுந்தால் கண், மூக்கு வைத்துப் பேசுவார்கள். அவள் கல்யாணம் முடியட்டும், பிறகு யார் உன்னைக் கேட்கப் போகிறார்கள்? அதுவரை வீட்டுக்குள்ளேயே டம்ளர், சொம்பு என்று வரைந்து பழகலாமே. என் பாதியில் அப்படியும் ஒரு பாடம் இருக்கிறது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பதில் போடு.

ஷாஜியா


வடக்கனந்தல்
22.10.2025

ஷாஜியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் நலம். உன் நலத்துக்கு துஆ செய்கிறேன்.

நீ சொன்னபடி டம்ளர் வரைந்தேன். சொம்பு வரைந்தேன். துணிக்கொடியும் அதன் நிழலும் வரைந்தேன். மூன்றும் இத்துடன் இருக்கின்றன. மழை நன்றாகப் பெய்கிறது. மாமியின் முழங்கால் பரவாயில்லை.

ரஜியா


வெள்ளிமலை
01.11.2025

அக்கா,

ஸலாம். ஒரு மாசத்துக்கு மேல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்து கிடைத்த கடிதத்தில் முழங்காலும் மழையும்தான் இருக்கின்றன.

டம்ளர் நன்றாக வந்திருக்கிறது, அதை நான் கேட்கவில்லை. மலை எங்கே? துணிக்கொடியின் நிழலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காலை வெயில் என்றால் நிழல் மேற்கே நீளமாகத் தரையில் விழ வேண்டும். இது விழுந்த வேகத்தில் எதிலோ முட்டி நிமிர்ந்து நிற்கிறது. உன் மாடியில் மேற்குப் பக்கம் அப்படி முட்டுவதற்கு ஒன்றும் கிடையாதே. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்கச் சொன்னவள் நீதான். என்ன நடந்தது என்று எழுது.

ஷாஜியா


வடக்கனந்தல்
10.11.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் முஹ்சினா. அம்மா நலம், நானும் நலம். உங்கள் கடிதத்தை அம்மா படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள். எழுதச் சொன்னால், "அவகிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது, அவளுந்தான் விட்டுப் புடின்னு சொல்லிட்டா" என்கிறார்கள். அதனால் நான் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியும், வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாடிக்கே போகக்கூடாது என்று சொன்ன பெரியத்தா, அங்கே மேற்குக் கைப்பிடிச் சுவரை ஹாலோ பிளாக் வைத்து உயர்த்திவிட்டார். ஆள் உயரத்துக்கு மேல். கொத்தனார் வந்த அன்றுதான் எங்களுக்கே தெரியும். அம்மா கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். சுவர் நீங்கள் கண்டுபிடித்த அதே இடத்தில்தான் இருக்கிறது. இப்போது அங்கிருந்து பார்த்தால் சிமெண்டும், மேலே கொஞ்சம் வானமும்தான்.

கோகிலவாணி அக்காவே வந்து, "எங்களுக்கு ஒண்ணும் மனவருத்தம் இல்லீங்க, செவுத்த எடுத்துடுங்க, எங்களுக்குக் காத்தும் வர மாட்டேங்குது" என்று கேட்டார்கள். பெரியத்தா, "உங்களுக்காகக் கட்டலம்மா" என்று சொல்லிவிட்டார். யாருக்காகக் கட்டினார் என்பதை அவர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இன்னொன்று. என் கல்யாணத்தைச் சொல்லித்தான் எல்லோரும் அம்மாவின் வாயை அடைக்கிறீர்கள். நீங்களும்தான் சின்னம்மா. என்னை யாரும் கேட்கவில்லை. பெண்ணுடைய அம்மா மலையை வரைகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து போகிற மாப்பிள்ளை வீடு, போகட்டும். இதை நான் பெரியத்தாவிடமும் சொல்லிவிட்டேன். நீங்கள் அம்மாவுக்கு எழுதுங்கள்.

முஹ்சினா


வெள்ளிமலை
17.11.2025

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். உன் மகள் என் காதைத் திருகிவிட்டாள். எனக்கு வேண்டியதுதான். விட்டுப் பிடி என்று சொன்னதை இப்போது சொல்லமாட்டேன். பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இந்தப் பார்சலில் என் பாதிப் புத்தகம் இருக்கிறது. உன் பாதியோடு சேர்த்து முதுகில் தைத்துக்கொள். எனக்கு எப்போது வேண்டுமோ அப்போது உன்னிடம் கேட்கிறேன். கள்ளக்குறிச்சி போய் ஏறவேண்டாம், வெள்ளிமலை பஸ் உங்கள் பக்கம்தான் வரும். நான் வந்து அழைத்துப் போகட்டுமா? கேள்விதான், கட்டாயம் இல்லை. அங்கே மாடியில் மறைத்துவிட்ட மலையின்மேல்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஷாஜியா


வெள்ளிமலை
01.12.2025

கண்ணியத்துக்குரிய பெரிய மச்சான் ஷேக் தாவூது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே தங்கை வீட்டில் நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்துக்கும் கடை பரக்கத்துக்கும் துஆ செய்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிச் செய்தாலும் மீதி மேஜைமேல் கிடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

நான் யாருக்கும் தெரியாமல் வரவில்லை. மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மாமி போகாதே என்று சொல்லவில்லை. "மேல குளுரும், பெட்ஷீட் எடுத்துக்கினு போ" என்றார்கள். ஷாஜியா வந்து அழைத்துப் போகிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றேன். தனியாகவே வந்தேன். வழியில் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டர் சில்லறைதான் கேட்டார்.

வந்த நாளிலிருந்து பனி மூட்டம். இன்று காலை விலகியது. தங்கை சொன்ன திருப்பத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அணை தெரிந்தது, வயல் தெரிந்தது, வடக்கனந்தல் தெரிந்தது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, நம் ஊரை அளந்தேன். நீளத்தில் அரைப் பென்சில். உயரம் பென்சில் கனம்கூட வரவில்லை. பள்ளிவாசல் மினாரா வெள்ளையாக ஒரு பொட்டு. அதை வைத்து நம் தெருவைக் கண்டுபிடித்தேன். தெருவை வைத்து வீட்டைத் தேடினேன். நீங்கள் கட்டிய சுவரைத்தான் தேடினேன், மச்சான். நல்ல கண்பார்வை எனக்கு. நெடுநேரம் தேடினேன். இல்லை.

மாடியில் நிற்கும்போது அது உலகத்தையே மறைத்துக்கொண்டு நின்றது. கொத்தனார் போன பிறகு அதன் அடியில் உட்கார்ந்து அழுதேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. மூக்குக்கு நேராக நின்றதால் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அதன் நிஜமான அளவு எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வரைந்ததில் சரியாக வந்த முதல் படம் இது. கடையில் மாட்டினாலும் சரி, மடித்து வைத்தாலும் சரி. சுவரை இடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வேண்டுமானால் இன்னும் இரண்டு வரிசை ஏற்றிக்கொள்ளுங்கள்.

முஹ்சினாவைப் பார்க்க வருகிறவர்களிடம், பெண்ணின் தாய் படம் வரைகிறவள் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தது என்று அவர்கள் வருத்தப்படக் கூடாது.

வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறேன். அது உங்கள் தம்பி வாழ்ந்த வீடு, என் வீடு, அதனால் வருவேன். மறுநாள் காலையில் சமையலை முடித்துவிட்டுக் கோமுகி அணைக் கரைக்குப் போவேன். அங்கே கரையில் நட்டநடுவில் நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். ஊர் பார்க்கும், கடைக்கு வந்து உங்களையும் கேட்கும். மறைக்கவோ தலை குனியவோ வேண்டாம் மச்சான். அளக்கிறாள் என்று சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.
ரஜியா